பாவுக் கஞ்சியில் ஜப்பான் தேயிலைப் பொடி

ஆகஸ்ட் 20, 2007. திங்கள்

காலையில் மேகமூட்டம். மழை இல்லை. புழுக்கம் மட்டும்.

இன்று அடுப்படியில் இருந்தவர்கள்: நான். மகன் முருகேசன். மருமகள் வசந்தா. பேத்தி கவிதா. பின்வாசல் நிலைப்படியைத் தாண்டாமல் நின்றவள், பின்கட்டில் குடியிருக்கும் என் நாத்தனார். இவளுக்கு ச. என்று மட்டும் போடுவேன். முழுப் பெயரை எழுதுவதில்லை, வாயாலும் சொல்வதில்லை. 1985 பங்குனியிலிருந்து.

ஐந்து பேர் கூடியது எதற்கு. ஒரு டம்ளர் டீ போடுவதை வேடிக்கை பார்க்க.

கவிதா எட்டு மாதம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் கம்பெனி அனுப்பியது. பதினைந்து நாள் லீவு. எட்டு மாதத்துக்கு அவள் கொண்டுவந்த சீர்:

தகர டப்பா ஒன்று, விபூதி டப்பா அளவு. உள்ளே பச்சைப் பொடி.

மூங்கிலைச் சீவிக் கட்டிய குச்சிக்கொத்து ஒன்று. சவரம் செய்கிறவன் சோப்பு நுரைக்கிற பிரஷ் இதைவிட லட்சணம்.

கோணல் கிண்ணம் ஒன்று. கோணலாக வரவேண்டும் என்றே செய்ததாம்.

கூடவே ஒரு வியாதி. அங்கே வயிற்று வலி என்று போனவளை டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்னானாம், பால் உனக்குச் செரிக்காது, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும் என்று. பால், தயிர், மோர் எதுவும் ஆகாதாம். அதனால் பால் இல்லாத டீ.

பிறந்ததிலிருந்தே என்று கவிதா சொன்னபோது நிலைப்படியில் வளையல் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

பொடியை டீ வடிகட்டியில் போட்டுத் தட்டினாள். கட்டி இருக்கக் கூடாதாம். தண்ணீர் கொதி வருமுன் இறக்கிவிட்டாள்.

“கொதிக்காத தண்ணிக்கு டீன்னு பேரா?”

“கொதிச்சா கசக்கும் ஆயா. இது பேரு மாட்சா லாட்டே.”

இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுக் குச்சிக்கொத்தால் குறுக்கும் நெடுக்குமாக அடி அடி என்று அடித்தாள். பச்சை நுரை. ஏரிக்கரையில் மாடு குளிப்பாட்டினால் ஓரத்தில் ஒதுங்குமே, அது. பிறகு சென்னையிலிருந்து கொண்டுவந்த சோயா பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றினாள். திரிதிரியாகப் போயிற்று.

ஆளுக்கு ஒரு வாய். முருகேசன், “நல்லாத்தான் கீது” என்றான். காது சிவந்துவிட்டது. பொய் சொன்னால் சிவக்கும், நான்கு வயதிலிருந்து. வசந்தா வெளியே போய் வாய் கொப்பளித்தாள்.

ச. நிலைப்படியில் இருந்த பூனையைப் பார்த்து, “பச்ச மொச்ச வாசன வருது” என்றாள். எனக்கும் அதே வாசனைதான் வந்தது. அவள் சொல்லிவிட்டதால் நான் சொல்லவில்லை.

கசப்பு. அகத்திக்கீரை வேக வைத்த தண்ணீரை இந்த வீட்டில் நாங்கள் கீழே கொட்டுவோம்.

உளுந்து ஊற வைக்க மறந்தேன்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

முழங்கால் வலி. வெயில் சுள்ளென்று.

முள்ளிப்பட்டிலிருந்து சேதி. பையன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை கவிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆடி போயிற்று, இனித் தள்ள வேண்டாம் என்று. பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டும் போனில் பேசிப் பிடித்துப்போய், நம்மைக் கேட்பது மரியாதைக்கு. வீட்டில் நான்கு தறி, இரண்டு பசு. பையனின் அம்மாவுக்குத் தறியைவிடப் பசு மேல்தான் உயிராம். ஊரில் அவளுக்குப் பெயரே மாட்டுக்கார அம்மா.

இதைக் கேட்டதும் வசந்தா முகம் விழுந்துவிட்டது.

“அத்த, பால் ஒத்துக்காதுன்னு அங்க தெரிஞ்சா? மாடு வச்சிகினு கீறவங்க. பொண்ணுக்கு வயித்துல ஏதோ கோளாறுன்னு ஊர் பூரா சொல்லிடுவாங்க.”

மருமகளாக வந்து இருபத்தாறு வருடத்தில் வசந்தா சொன்ன முதல் உருப்படியான பேச்சு. நானும் அதையே சொன்னேன். யாரும் வாய் திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பால் கொடுத்தால் குடிக்க வேண்டியது, அவர்கள் போன பிறகு வாந்தி எடுக்க வேண்டியது. வாந்தி அவளுக்குப் புதிதா.

கவிதா சொன்னாள், “சொல்லிடலாம் ஆயா. கல்யாணம் பண்ணிட்டு வருஷம் பூரா ஒளிச்சுவைக்க முடியுமா? இதுக்காக வேணாம்னு போனா போகட்டும்.”

போகட்டுமாம். இருபத்தைந்து வயது. இதற்கு முன் இரண்டு இடம் ஜாதகம் கூடவில்லை என்று போயிற்று. சொல்லும்போது போகட்டும் என்றாள், சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அரைமணி நேரம் அவனோடு பேசிவிட்டுக் கண் சிவந்து இறங்கினாள். எனக்குக் கண் தெரியாது என்று நினைப்பு.

மாலையில் இரண்டாவது சோதனை. வேர்க்கடலையை ஊற வைத்து அரைத்துப் பிழிந்த பால். பச்சைப் பொடி விழுந்ததும் சாணித் தண்ணீர் நிறம். குடித்துவிட்டு அவளே கொட்டிவிட்டாள். ஜப்பான்காரன் கப்பல் கட்டுகிறான், ரயில் விடுகிறான், ஒரு டீ கண்டுபிடிக்கத் துப்பில்லை.

ரேஷன் கடை திறக்கவில்லை.

ஆகஸ்ட் 22, புதன்

மாலையில் தூறல். பத்து நிமிடம்.

மூன்றாவது, தேங்காய்ப் பால். கொதிக்க விட்டாள், திரிந்தது. மேலே எண்ணெய் மிதந்தது.

“தேங்காப்பால் அடுப்புல கொதிச்சா திரியும்னு ஆறு வயசுப் பொண்ணுக்குத் தெரியும்.”

“சொல்லியிருக்கலாம்ல ஆயா?”

“நீ கேட்டியா?”

சிரித்தாள். சிரிக்கும்போது அவள் அப்பன் சாயல். நாளைக் காலையில் இரண்டாம் பால் எடுத்துக் கொதிக்க விடாமல் சூடு மட்டும் காட்டிப் பார்ப்பாளாம். வசந்தா விடியலில் எழுந்து பிழிந்து வைப்பதாக ஒத்துக்கொண்டாள். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீருக்கு ஒரு குடும்பமே ஊழியம்.

நாளை விடியலில் முருகேசன் தெருவில் பாவு நீட்டுகிறான். தறிக்கு நீள இழை, அரக்கு நிறப் பட்டு. தறி ஏறுமுன் கஞ்சி தெளித்துக் காய வைக்க வேண்டும். கஞ்சி காய்ச்சுவது ச. வேலை. என் மாமியார் காலத்திலிருந்து அப்படி. பழைய அரிசியில் நீர்க்கக் காய்ச்சி, துணியில் மூன்று தரம் வடித்து, சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு வைப்பாள். பார்த்தால் பாலேதான். கஞ்சி கைவாகு மட்டும் அவளுக்கு உண்டு என்று ஊர் சொல்கிறது. ஊருக்கு வேறு வேலை இல்லை.

கஞ்சிக் குண்டானை அடுப்படி மேடையில் இடது மூலையில் வைத்துவிட்டுப் போனாள். முப்பது வருடமாக அதுதான் கஞ்சிக்கு இடம்.

நான் இன்று அந்த மூலையில் என் பித்தளைச் சொம்பை வைக்க நினைத்திருந்தேன். என் அடுப்படி. என் மேடை. அவள் குண்டானை எடுத்து வலது ஓரம் தள்ளி வைத்தேன். பிறகு அந்த மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் சொம்பையும் அங்கே வைக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வியாழன்

நல்ல வெயில். பாவுக்கு ஏற்ற வெயில். அதுவே வினை.

விடிகாலையில் வசந்தா தேங்காய்ப் பால் பிழிந்து மேடையில் காலியாக இருந்த இடத்தில் வைத்திருக்கிறாள். இடது மூலை. இரண்டு குண்டானும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. முருகேசன் அரைத்தூக்கத்தில் வந்து வழக்கமான இடத்தில் கை வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆறு மணிக்குத் தெரு முழுக்க வாசனை. பாவு நீட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டானாம்.

“இன்னா முருகேசா, பாவுக்குத் தாளிப்பு எப்போ? கறிவேப்பில கொண்டாரட்டா?”

அதற்குள் பாதிப் பாவு நனைந்துவிட்டது. வெயில் ஏற ஏற எறும்பு. கால் மணி நேரத்தில் பாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு வரிசை, திரும்பி ஒரு வரிசை. யார் வீட்டு ஆடோ வந்து ஓரத்தை நக்கியது. முருகேசன் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆட்டின் பின்னால் ஓடினான். ஐம்பது வயது. தலையில் முடி இல்லை, காலில் செருப்பு இல்லை.

இங்கே அடுப்படியில் கவிதா வலது ஓரத்துக் குண்டானைத் திறந்து, தேங்காய் வாசனை வருகிறதென்று நம்பி, சூடு காட்டிப் பச்சைப் பொடியில் ஊற்றியிருக்கிறாள். திரியவில்லை. எண்ணெய் பிரியவில்லை. நுரை நின்றது. நாட்டுச் சர்க்கரை போட்டு முதல் டம்ளர் குடித்தாள், இரண்டாவதும் குடித்தாள்.

“ஆயா, இன்னிக்குத்தான் அங்க குடிச்ச மாதிரியே வந்துச்சு.”

அப்போதுதான் முருகேசன் உள்ளே வந்து கத்தினான். “பாவுக்கு வச்ச கஞ்சி எங்க? எவன் தேங்காப்பால அங்க வச்சது?”

வசந்தா விழித்தாள். கவிதா கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வர. ச. பின்வாசலில் வந்து நின்று வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

குண்டானை மாற்றியது யார் என்று கேள்வி வந்தது.

“பூனையா இருக்கும்” என்றேன்.

“மூடி போட்ட குண்டான பூனை தூக்கி வைக்குமா ஆயா?”

“ஜப்பான் பூனை வைக்காது. ஆரணிப் பூனை வைக்கும்.”

ச. என்னைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். போய்விட்டாள்.

பாவை இரண்டு தண்ணீரில் அலசி, ச. மறுபடி கஞ்சி காய்ச்சி, மதியம் தெளித்தார்கள். ஒரு நாள் வேலை வீண். முருகேசன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது ரசம் மட்டும் கேட்டான்.

கவிதாவுக்கு இன்று வயிறு ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் வரை நான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 24, வெள்ளி

வரலட்சுமி விரதம். அம்மனுக்குப் பாலில் செய்த பாயசம். கவிதா தொட்டுக் கும்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ச. இனிமேல் கஞ்சியை அடுப்படியில் வைக்கமாட்டாளாம். முருகேசன் மூலம் சேதி. தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறாள். கவிதாவுக்கு என்று எண்ணெய் விடாத கஞ்சி தனியாக எடுத்து வைக்கிறாளாம். காலையிலேயே இந்தப் பெண் டப்பா, குச்சிக்கொத்து, கோணல் கிண்ணம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டது. சிரிப்புச் சத்தம். குச்சிக்கொத்து அடிக்கும் சத்தம்.

“முந்திரி ரெண்டு அரைச்சு விட்டா கெட்டியா வரும்டி” என்று ச. குரல். அதிகப் பிரசங்கி. ஆனால் வந்திருக்கும்.

1985ஐ எழுதிவிடுகிறேன். வேறு யாராவது தப்பாகச் சொல்லுமுன்.

பங்குனி, வெள்ளிக்கிழமை. கவிதாவுக்கு மூன்று வயது. நீலக் கவுன், முதுகில் ஒரு பித்தான் இல்லை. பால் கொடுத்தால் வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகை. கை கால் குச்சி. நான் பிடிவாதம் என்று நினைத்தேன். மடியில் போட்டு மூக்கைப் பிடித்துப் பாலாடைச் சங்கால் ஊற்றுவேன். ஒரு நாள் விட்டதில்லை. ச. அப்போதே சொன்னாள், “அண்ணி, கொழந்தைக்குப் பால் ஒத்துக்கல. விட்டுடுங்க.” ஒரு தரம் இல்லை, நான்கு தரம்.

எனக்கு இரண்டாவதாகப் பிறந்தது பால் இல்லாமல்தான் போயிற்று. அந்த வருடம் வீட்டில் பசு இல்லை, என்னிடமும் சுரக்கவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்கட்டுக்குப் போனேன். குழந்தை ச. மடியில் உட்கார்ந்து டம்ளரில் பாவுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ. குடித்துவிட்டு நாக்கால் உதட்டை நக்கியது. என்னிடம் ஒரு நாளும் அப்படிக் குடித்ததில்லை.

டம்ளரைப் பிடுங்கி எறிந்தேன். கிணற்றுச் சுவரில் பட்டு ஒடுக்கு விழுந்தது. தறிக்கு வைத்ததை என் பேத்திக்கு ஊற்றுகிறாயா என்றேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். புருஷன் செத்து, வயிறும் திறக்காமல் பிறந்த வீட்டுக்கு வந்தவளிடம்.

“பெத்திருந்தா தெரியும் உனக்கு.”

சொன்னேன். எட்டு வீட்டுக்குக் கேட்டது.

அவள் எழுந்து போய் டம்ளரை எடுத்துக் கழுவினாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. நிறுத்தியது நான். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கவிதா எட்டு வயது வரை பால் குடித்தாள், எட்டு வயது வரை வாந்தி எடுத்தாள். பிறகு ஓடத் தெரிந்துகொண்டாள்.

பாயசம் மீந்துவிட்டது.

ஆகஸ்ட் 25, சனி

மேகம்.

வேலை: கூடம் கழுவியது. பாய் வெயிலில். பஜ்ஜிக்கு வாழைக்காய் ஆறு. கேசரிக்கு ரவை. தாம்பூலத் தட்டு துலக்கியது. வசந்தா பட்டுப்புடவை எடுத்து வைத்து எடுத்து வைத்து மாற்றியது, ஐந்து தரம்.

கவிதாவிடம் மறுபடி சொன்னேன், நாளைக்கு வாயை மூடிக்கொண்டிரு என்று.

“நீங்க மூக்கப் பிடிக்க மாட்டீங்கன்னா நான் வாய மூடிக்கிறேன் ஆயா.”

மூக்கைப் பிடித்தபோது மூன்று வயது. அவளுக்கு அது நினைவிருக்கிறதா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

காலை வெயில், மாலை இடி. மழை கண்ணமங்கலம் பக்கம் போய்விட்டது.

பத்தரைக்கு வந்தார்கள். பையன், அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா. பையன் நல்ல நிறம், மூக்கு சரியில்லை. அப்பாவுக்குக் காது மந்தம். சித்தப்பா பஜ்ஜிக்கு வந்தவர். மாட்டுக்கார அம்மா முன்னால் வந்தாள். கழுத்து நிறைய நகை, கையில் எவர்சில்வர் தூக்கு.

உட்காரும் முன்பே தூக்கைத் திறந்தாள்.

“இப்போ கறந்தது. எங்க வீட்டுல ஒரு வழக்கங்க. பொண்ணு புடிச்சிருந்தா எங்க மாட்டுப் பால ஒரு வாய் என் கையால குடுத்துட்டுத்தான் தட்டு மாத்துவேன். மூத்த மருமவளுக்கும் இப்படித்தான்.”

வசந்தா என்னைப் பார்த்தாள். முருகேசன் கூரையைப் பார்த்தான். பெரிய வீட்டு ஆண்பிள்ளை. கவிதா வாயைத் திறக்கப் போனாள்.

“பச்சையா குடுக்க வாணாம், காய்ச்சிக் கொண்டாரேன்” என்று தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வழியிலேயே யோசித்துவிட்டேன். கஞ்சி. பார்த்தால் பாலேதான். ஒரு டம்ளர் கஞ்சி ஊற்றிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்.

அடுப்படியில் கஞ்சி இல்லை. வியாழக்கிழமையிலிருந்து அது பின்கட்டில்.

பின்கட்டுக்கும் அடுப்படிக்கும் பதினோரு அடி. இருபத்திரண்டு வருடமாக நான் வைக்காத அடி. போனேன். முழங்கால் வலியோடு.

ச. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். நான் சுவரைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பூனையைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சுற்றிப் பார்த்தேன், பூனை இல்லை.

“கொஞ்சம் கஞ்சி வேணும்” என்றேன். அவளிடமே.

ஏன் என்று கேட்கவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. எண்ணெய் விடாத கஞ்சியை எடுத்தாள். மாடத்திலிருந்து ஒரு டம்ளர் எடுத்தாள். ஒடுக்கு விழுந்த டம்ளர். அதே டம்ளர். அதில் ஊற்றிவிட்டு,

“சக்கரை போடட்டுமா அண்ணி?” என்றாள்.

அண்ணி என்றாள். நேற்றுதான் பேசி நிறுத்தியது போல.

கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டுக்கார அம்மா டம்ளரை வாங்கிக் கவிதா வாயில் வைத்தாள். கவிதா ஒரு வாய் குடித்தாள். டம்ளரைப் பார்த்தாள், ஒடுக்கைத் தடவினாள், என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று கண்ணால் சொன்னேன். எட்டு மாதம் ஜப்பானில் இருந்தவளுக்குக் கண்ஜாடை புரியவில்லை.

“அத்தை, இது உங்க பால் இல்லீங்க. கஞ்சி. பாவுக்குக் காய்ச்சறது. எனக்குப் பிறந்ததிலேருந்து பால் ஒத்துக்காது. எங்க ஆயா எனக்காக உங்கள ஏமாத்தறாங்க.”

சபையில். பெற்ற அப்பன், தாய், வந்த சம்பந்தி, பஜ்ஜி சித்தப்பா எல்லோர் முன்னாலும்.

மாட்டுக்கார அம்மா டம்ளரை மோந்து பார்த்தாள். மிச்சத்தைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள்.

“நல்லாத்தானே கீது” என்றாள். “பால் குடிக்காதா? ரொம்ப சந்தோசம். மூத்தவ நாளைக்கு மூணு காப்பி குடிக்கிறா. இது குடிக்கலன்னா பால் சொசைட்டிக்கு அரை லிட்டர் கூட ஊத்தலாம்.”

பையன் சிரித்தான். “எனக்கு முன்னாடியே தெரியும்மா, போன்ல சொல்லிட்டா” என்றான். வசந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக நான் பயந்த விஷயத்துக்கு ஒரு கறவைக்காரி போட்ட மதிப்பு அரை லிட்டர்.

அத்தோடு விட்டாளா.

“பிறந்ததிலேருந்தா? அப்போ இன்னா குடுத்து வளர்த்தீங்க?”

கவிதா பின்வாசல் பக்கம் கை காட்டினாள். “எனக்கு ஒத்துக்காதுன்னு அவங்களுக்கு அப்பவே தெரியும்.”

“கூப்பிடுங்க அந்தம்மாவ.”

ச. வந்தாள். ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கூடத்து ஓரத்தில். மாட்டுக்கார அம்மா நேராகவே கேட்டாள்.

“அப்பவே தெரிஞ்சிகினு ஏம்மா சொல்லல? சொல்லி இவங்க கேக்கலியா?”

எல்லோரும் ச. வாயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான்கு தரம் சொன்னது, டம்ளர் பறந்தது, நான் சொன்ன அந்த வார்த்தை. எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லட்டும் என்று நின்றேன். நானும் பதில் வைத்திருந்தேன். இருபத்திரண்டு வருடமாகத் தீட்டி வைத்த பதில்.

அவள் சொன்னாள், “அப்பல்லாம் யாருக்குங்க தெரியும். அண்ணிதான் கொழந்தைய ராத்திரி பகல் பார்த்துகினாங்க. நான் சும்மா ஒரு வாய் குடுத்தேன்.”

சொல்லிவிட்டுக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு கவிதா எல்லோருக்கும் பச்சை டீ போட்டாள். கஞ்சியில், முந்திரி அரைத்து விட்டு. குச்சிக்கொத்தால் ஒன்பது டம்ளருக்கு நுரை எடுக்க அவளால் முடியவில்லை, மணிக்கட்டு வலித்தது. நான் வாங்கி இரண்டு டம்ளரில் முழ உயரம் தூக்கி ஆற்றினேன். நுரை வந்தது. ஜப்பானில் எவனுக்கும் கை நீளம் போதாது போலிருக்கிறது.

மாட்டுக்கார அம்மா குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “கஞ்சி தனியாவே நல்லா இருந்துச்சு.” அறிவுள்ள பேச்சு.

தட்டு மாற்றினார்கள். கல்யாணம் தையில்.

ஒன்பதாவது டம்ளர் மேடையிலேயே இருந்தது. பின்கட்டுக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. ஆறிப்போன பிறகு நானே குடித்தேன். கசப்பு.

ஆகஸ்ட் 27, திங்கள்

மழை. கடைசியில்.

கவிதா மத்தியானப் பஸ்ஸில் சென்னை போனாள். தகர டப்பாவை இங்கேயே வைத்துவிட்டாள். “ச. ஆயாவும் நீங்களும் போட்டுக் குடிங்க” என்றாள், என் தலையைத் தொட்டு. அவள் முழுப் பெயரைத்தான் சொன்னாள். ச. என்று நான் போடுகிறேன்.

முருகேசனுக்குப் பாவு போன கோபம் போய்விட்டது. வசந்தா பொட்டலத்தில் இருந்த கேசரியை யாருக்கும் சொல்லாமல் தின்றாள், அதை விட்டுவிடலாம். கவிதா என்னைச் சபையில் கள்ளியாக்கினாள், அதையும் விட்டாயிற்று. பேத்தி. மாட்டுக்கார அம்மா அரை லிட்டர் என்றதைக் கல்யாணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

காலையில் மேடையில் இடது மூலையில் கஞ்சிக் குண்டான் இருந்தது. பழைய இடத்தில். கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் அதை நகர்த்தவில்லை.

நேற்று அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை அவள் திருப்பிச் சொல்லியிருந்தால், நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்போம். முடிந்திருக்கும். என்னை நல்லவளாக்கிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாளே, அதற்கு என்ன பதில் சொல்வது. எதைச் செய்தாலும் மன்னித்துவிடுவேன், இதைச் செய்தவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். பெயரை எழுதி வைக்கிறேன்.

சரோஜா.